ரப்பரில் ஒட்டிய வெள்ளி

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கிற தொழிலில் நல்ல பெயர் எடுக்கவே முடியாது; ஓடினால் அது கம்பெனிக்காரனின் கெட்டிக்காரத்தனம், ஓடாவிட்டால் மாட்டினவனின் கைராசி. அந்தக் கைராசியோடுதான் சிவகாசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட்டாளி சிக்கந்தர் பாய். சாமான் வாங்குவது, விற்பது, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது அவர் பொறுப்பு. சிரிக்காமல் ஸ்குரு திருகுவது என் பொறுப்பு.

இதே தொழிலில் நொந்து நூலாகிப்போன சகோதரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் வேறு எது கெட்டாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும். ரேம் மக்கர் செய்தால் அதில் நியாயமே இருக்காது. பார்த்தால் அரை ஸ்கேல் அளவுக்கு ஒரு சின்னப் பட்டை. மதர்போர்டில் உள்ள பள்ளத்தில் செருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் போர்டுக்கு இந்தப் பட்டையைப் பிடிக்கவில்லையென்றால் திரை கறுப்பாகவே நிற்கும். இல்லையென்றால் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, ரொம்ப அவசரமான வேலையின் நடுவில் படுத்துக்கொள்ளும். இப்போது ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறிக் கிடப்பதால், ஆளாளுக்குப் பழசையும் புதுசையும் கலந்து மாட்டச் சொல்கிறார்கள். பொருந்தாததைச் சேர்த்து வைத்த பழி நமக்கு.

இந்த வருஷத்துக் கதைகளில் சிலதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். பாதிக் கதை ஒரே கம்ப்யூட்டரைப் பற்றியதாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும், அது மனசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

அரம்

ரேம் பட்டையின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். பழைய வகை ரேமுக்கு ஓர் இடத்தில், புது வகைக்கு வேறு இடத்தில். தப்பான ரேமைத் தப்பான போர்டில் யாரும் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை வைத்திருக்கிறார்கள். உலகம் பூராவும் அந்த ஏற்பாடு வேலை செய்கிறது. சிவகாசியில் செய்யாது. இங்கே எல்லார் வீட்டிலும் அரம் இருக்கிறது.

அட்டைப்பெட்டி வெட்டுகிற செக்‌ஷனில் ஃபோர்மேனாக இருக்கிற ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய போர்டு, புது ரேம். வெட்டு சேரவில்லை என்று தெரிந்ததும் அவர் அதற்காக வருத்தப்படவில்லை. அளவெடுத்து, வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு வெட்டை ராவி எடுத்து, அழுத்திச் செருகியிருக்கிறார். வேலை என்றால் அப்படியொரு வேலை, ஒரு பிசிறு கிடையாது. ரேம் செத்துப்போயிருந்தது. கூடவே போர்டையும் அழைத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இழவு வீட்டில் நிற்பது போல நின்றேன். அவர் அசரவில்லை.

“அட்ட வெட்டுற டையில பிளேடு உக்காரலைன்னா ராவித்தான் உக்கார வைப்போம். இதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை வேண்டிக் கெடக்கு, அண்ணாச்சி?”

முத்துமாரியின் கம்ப்யூட்டர்

ஆடி மாசம், அடுத்த வருஷத்துக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் போடுகிற பரபரப்பு ஊரில் ஆரம்பித்திருந்த நேரம். வெம்பக்கோட்டை ரோட்டில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து தாயும் மகளுமாக வந்தார்கள். தாய் பாண்டியம்மாள், பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகள் முத்துமாரி, கல்லூரி முடித்து டிசைன் கோர்ஸும் படித்தவள். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போட்டுக் கொடுக்கிற ஓர் ஏஜெண்டு, சொந்தமாக கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே செய்ய வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தக் கம்ப்யூட்டருக்காகத்தான் வந்திருந்தார்கள். தகப்பனாருக்கு முன்பு நடந்த ஒரு விபத்தில் வலது கை வெந்து விரல்கள் ஒட்டிப்போய்விட்டன, அதிலிருந்து கம்பெனிக்குப் போவதில்லை என்று பாண்டியம்மாளே சொன்னார். அழாமல், பஸ் லேட் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

கொண்டுவந்த தொகைக்குப் பழைய போர்டும், இரண்டு வேறு வேறு கம்பெனி ரேமும்தான் தேறும். ஜோடி சேராத ரேம், தகராறு வரலாம், வந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று எச்சரித்துத்தான் மாட்டினேன். ஓடியது. முத்துமாரி அதை ஆட்டோவில் வைக்க விடவில்லை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போகிறேன் என்றாள். கேபினட்டில் இருக்கன்குடி அம்மன் ஸ்டிக்கர் ஒன்றை அங்கேயே ஒட்டினாள். மகள் வெளியே போனதும் பாண்டியம்மாள் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். ரேகையெல்லாம் வெள்ளி. கம்பெனியில் அலுமினியப் பவுடர் அளக்கிற கை, எந்தச் சோப்புக்கும் போகாது.

“எம் மக கையில இந்த நெறம் ஒட்டிரக் கூடாது. அதுக்குத்தான் இத வாங்குதேன், அண்ணாச்சி.”

கடையில் ஓடும்

நம் தொழிலில் மிகக் கொடுமையான வாக்கியம் எது என்று கேட்டால், ‘கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை’ என்பதுதான். கொஞ்ச நாளிலேயே பாண்டியம்மாள் அந்த வாக்கியத்தோடு வந்து நின்றார். வீட்டில் ஆன் செய்தால் நீளமாகக் கத்துகிறதாம், படம் வரவில்லையாம். ரேம் உட்காரவில்லை என்றால் போர்டு போடுகிற கூப்பாடு அது.

முதலில் செய்கிற வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரேமின் அடியில் பொன் நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரை எடுத்து அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு ரப்பரோடு வந்துவிடும். பாதிக் கம்ப்யூட்டர்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். பாண்டியம்மாள் கொண்டுவந்ததில் தேய்க்க ஒன்றுமில்லை. வெளியே, உள்ளே, காற்றாடியின் இதழ்கள், ரேமின் பற்கள் வரைக்கும் ஈரத்துணியால் துடைத்து, உலர வைத்து, புதுப்பெண் மாதிரிக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும், துடைக்காமலே கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். கழற்றி மாட்டினேன், ஓடியது. ஏன் ஓடுகிறது என்று தெரியாமலே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

“நாலு பேரு பாக்குற எடத்துக்கு அழுக்கோடவா கொண்டாருவாக?” என்றார் பாண்டியம்மாள்.

எந்தப் பக்கம்

மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர், விதை உரக்கடை வைத்திருக்கிறவர், ஒரு வேகமான ரேமும் ஒரு மெதுவான ரேமும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் சேர்த்து மாட்டினால் வேகமானதும் மெதுவாகத்தான் ஓடும் என்று நான் சொல்ல, மெதுவானது ஏன் வேகமாக ஓடக் கூடாது என்று அவர் கேட்க, வாக்குவாதம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது தூரத்தில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். ஷட்டர் லேசாக அதிர்ந்தது.

எங்கேயோ பட்டாசுக் கம்பெனி வெடித்த சத்தம் அது, இந்த ஊர்ப்பக்கம் அதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எல்லாரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை எழும்புகிறதென்று வானத்தைப் பார்ப்போம். அடுத்து எல்லார் கையும் போனுக்குப் போகும். டீக்கடைக்காரர், அச்சகத்துப் பையன்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எந்தப் பக்கம்? எதிர்முனையில் ஆள் போனை எடுத்துவிட்டால் அதுவே பாதிப் பதில். எடுக்கும்வரை தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. சிலருக்கு அந்தப் போன் எடுக்கப்படுவதே இல்லை. பாய் தன் மச்சானைக் கூப்பிட்டார், எடுத்துவிட்டார். உரக்கடைக்காரரும் யாரையோ கூப்பிட்டுப் பேசி, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஸ்குருடிரைவரைத்தான் கையில் எடுத்தேன்.

“நம்ம பக்கம் இல்லையாம். ஆமா, ஸ்பீடு கொறையும்னு சொன்னீகளே, எம்புட்டு கொறையும்?”

பொட்டு

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் என் தொழிலுக்கு அறுவடை நாள். ஓர் அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். டிசைனர் உட்காருகிற கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப அணைந்து அணைந்து எரிகிறது, ஆர்டர் நிற்கிறது, உடனே வா என்றார் முதலாளி. போய்த் திறந்தால், உள்ளே திருவிழா. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, போர்டுக்கு ஒரு பொட்டு, காற்றாடிக்கு ஒரு பொட்டு, இரண்டு ரேமுக்கும் ஆளுக்கொரு பொட்டு. சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்திருந்ததால் அது வழிந்து பள்ளத்துக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. குங்குமம் அதன்மேல் படிந்திருந்தது.

மெஷினுக்குப் பொட்டு வைப்பதைத் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. என் கடையில் ஸ்குருடிரைவருக்கே வைக்கிறோம். ஆனால் நாங்கள் வெளியே வைக்கிறோம். பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் ரப்பருமாக உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். முதலாளி என் தலைக்கு மேலே நின்று பார்த்தார். என் ரப்பர் சிவப்பாகச் சிவப்பாக, அவர் முகமும் சிவந்தது.

“அச்சு மிஷினு எங்க அய்யா காலத்துல இருந்து பொட்டோட ஓடிக்கிட்டிருக்கு. ஒரு பொட்டத் தாங்க மாட்டேங்குற சாமான எங்க தலையில கட்டிட்டீகளே.”

மறுபடியும்

அந்த வாரமே பாண்டியம்மாளும் முத்துமாரியும் கம்ப்யூட்டரோடு வந்தார்கள். மறுபடியும் கத்தல், மறுபடியும் கறுப்புத் திரை. மறுபடியும் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார்கள். நான் துடைக்க வேண்டாம் என்று சொன்னதை நினைவுபடுத்தினேன். பாண்டியம்மாள் தலையாட்டினார். முத்துமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளி நெருங்கிவிட்டது, லேபிள் போன தடவை தாமதமானதற்கே ஏஜெண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இன்னொரு தடவை ஆனால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். அப்படிக் கொடுத்துவிட்டால் அவளும் அம்மாவோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான்.

இந்தத் தடவை நான் எதையும் விடவில்லை. ஜோடி சேராத இரண்டு ரேமையும் எடுத்துவிட்டு ஒரே கம்பெனியின் ஜோடியைப் போட்டேன். பள்ளம் மாற்றிப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்து வைத்தேன். போர்டுக்குள் இருக்கிற புரோகிராமைப் புதுப்பித்தேன். ரேமைச் சோதிக்கிற சோதனையை நாள் பூராவும் ஓட விட்டேன், ஒரு பிழை வரவில்லை. வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள், புழுதியா என்று கேட்டேன். முன் அறையில்தான், அங்கே பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறோம், காகிதத் தூசி வரும், வேறொன்றுமில்லை என்று பாண்டியம்மாள் அவசரமாகச் சொன்னார். வெறும் காகிதக் குழாய் உருட்டுவது இங்கே பல வீடுகளில் உள்ளதுதான். காகிதத் தூசிக்கு ரேம் இப்படிக் கத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

“கடையில நல்ல பிள்ளையா இருக்கு. வீட்டுக்கு வந்தாத்தான் அழுகுது,” என்றாள் முத்துமாரி.

தூசி

இத்தனை வருஷத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். கேபினட்டைத் திறந்தால் தூசியே ஆளைச் சொல்லிவிடும். அச்சகத்திலிருந்து வந்தால் வெள்ளை மாவு, அச்சடித்த தாள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவுகிற பவுடர். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தால் குச்சித் தூளும் மெழுகு வாடையும். அரிசி மில் என்றால் தவிடு. கறிக்கடைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது, அதைப் பற்றி எழுத வேண்டாம். முகவரியை எழுதாமல் போட்டுவிட்டுப் போனாலும், தூசியைப் பார்த்து இன்னார் வீட்டுடையது என்று பிரித்து வைத்துவிடுவேன். இது ஒரு திறமை என்று நான் பெருமைப்பட்டதில்லை. மூக்கடைப்புதான் மிச்சம். பாய்க்கு மட்டும் இதில் ஒரு சந்தோஷம், கடைக்கு யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பார்.

“நீங்க ஆதார் கார்டக் காட்ட வேண்டாம். டப்பாவத் தெறந்து காட்டுங்க, எந்தக் கம்பெனின்னு எங்க அண்ணாச்சி சொல்லிருவாரு.”

ரப்பர்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு நாள் முத்துமாரி தனியாக வந்தாள். கம்ப்யூட்டரை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. லேபிளை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும், காலையில் திடீரென்று கத்த ஆரம்பித்துவிட்டது, அம்மா கம்பெனிக்குப் போய்விட்டது என்றாள். உட்காரச் சொல்லிவிட்டுத் தகட்டைக் கழற்றினேன். இந்தத் தடவை யாரும் துடைக்கவில்லை. உள்ளே எல்லாம் மங்கலாக, ஒரே சாம்பல் நிறம். ரேமை உருவி, ரப்பரை எடுத்துத் தேய்த்தேன். ரப்பரைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக இல்லை. வெள்ளி. டியூப் லைட் வெளிச்சத்தில் மின்னியது.

சேலையில் ஒட்டி வீட்டுக்கு வருகிற பொடி இவ்வளவு இருக்காது. காற்றாடியின் இதழ்களில், ரேம் செருகுகிற பள்ளத்துக்குள், பவர் சப்ளைப் பெட்டியின் துவாரங்களில், எங்கும் அதுதான். அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிற அறையிலேயே பொடியை அளக்கிறார்கள், கலக்கிறார்கள், குழாயில் வெடிமருந்து செலுத்துகிறார்கள். வெறும் குழாயை வீட்டில் உருட்டலாம். மருந்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஏன் என்றும் தெரியும். அலுமினியப் பொடி உலோகம், ரேமின் பற்களுக்கு நடுவில் போனால் போர்டு கத்தத்தான் செய்யும். நான் ஆடி மாசத்திலிருந்து தேடின நோய் இதுதான். ஆனால் என் கவலை இப்போது ரேமைப் பற்றி இல்லை. நான் மாட்டிக் கொடுத்த பெட்டி, மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொடியை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஒரு பொறி தெறித்தால் போதும். அதன் முன்னால் இந்தப் பெண் உட்கார்ந்து லேபிள் வரைந்துகொண்டிருக்கிறாள். பயமாக இருந்தது. ரப்பரை அவளிடம் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“அம்மா தொடச்சுத்தான் கொண்டு போகணும்னு சொல்லும். லேட்டாயிருச்சுன்னு நாந்தான் அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்.”

சொன்னால், சொல்லாவிட்டால்

அவள் லேபிளைக் கடையிலேயே உட்கார்ந்து முடிக்கட்டும் என்று, சுத்தம் செய்த கம்ப்யூட்டரை மூலையில் போட்டுக் கொடுத்தேன். முடித்து அனுப்பிவிட்டு அவள் மட்டும் பஸ் ஏறினாள். கம்ப்யூட்டரை நான் கொடுக்கவில்லை, இன்னொரு சோதனை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பாயிடம் ரப்பரைக் காட்டினேன். எப்போதும் சிரிக்கிற மனுஷன் சிரிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். போலீஸில் சொல்வதா என்று கேட்டேன். எனக்கு யாராவது சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

“சொன்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உள்ள போவாக. வேலையக் குடுத்தவன் அடுத்த வீட்டுல குடுத்துருவான். சொல்லாட்டி நாம சோத்துல கை வைக்க முடியாது. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது, அண்ணாச்சி.”

கவர்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாயின் ஸ்கூட்டரில் நான் மட்டும் போனேன். வீடு ஒற்றை அறையும் ஒரு தடுப்பும். கம்ப்யூட்டர் இருந்த மேஜை காலியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது, மேலே அம்மன் படம். மேஜையிலிருந்து நான் கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில் தகப்பனார் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒட்டிப்போன வலது கையால் குழாயை முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கொட்டிவிடும். ‘வாங்க’ என்றார். பாண்டியம்மாள் வாசலிலேயே என் காலை உதறச் சொல்லி, செருப்பை வெளியே விடச் சொன்னார். மணல் உரசினால்கூட மருந்து பற்றிக்கொள்ளும், அதற்காக அவ்வளவு ஜாக்கிரதை. எல்லாம் தெரிந்துதான் செய்கிறார்கள்.

நான் சத்தம் போட்டேன். வீட்டுக்குள் மருந்தா, பக்கத்தில் கரண்ட் ஓடுகிற பெட்டியா, வயசுப் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைப்பீர்களா என்று என்னென்னவோ கத்தினேன். பாண்டியம்மாள் சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அந்த வெள்ளி போகவா போகிறது. கம்ப்யூட்டர் வாங்கத்தான் வீட்டில் வேலை எடுத்தார்களாம், தீபாவளிச் சீசன் முடிகிறவரைக்கும்தானாம். ரேம் மாற்றிய செலவுக்கு இன்னும் கொஞ்சம் எடுத்தார்களாம். அந்த ரேமை மாற்றியவன் நான். என்னிடமே அந்த அம்மாள் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

“பொடி உள்ள போகாத மாதிரி கம்ப்யூட்டருக்கு ஒரு கவரு வருமாமே. அது ஒண்ணு இருந்தாக் குடுங்க அண்ணாச்சி, மூடி வச்சுக்கிடுதோம்.”

அவளை மட்டும்

கவர் கிடையாது என்றேன். கம்ப்யூட்டரையும் தர மாட்டேன் என்றேன். அது என் கடை மூலையிலேயே இருக்கட்டும், முத்துமாரி தினமும் பஸ்ஸில் வந்து அங்கே உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பட்டும், வாடகை கீடகை என்று பேச வேண்டாம் என்றேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். தகப்பனார் கையிலிருந்த குழாயைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மருந்தையும் நிறுத்துங்கள் என்று அவரிடம் சொன்னேன். தீபாவளி முடியட்டும் என்றார். இரண்டாவது தடவை சொன்னேன். அதையேதான் திருப்பிச் சொன்னார். பாண்டியம்மாள் என்னோடு ஸ்கூட்டர் வரைக்கும் வந்தார்.

“பகலெல்லாம் அவ அங்கனயே இருக்கட்டும். சாயந்தரமும் கடைசி பஸ்ஸுல அனுப்புனாப் போதும். அவசரமில்ல, அண்ணாச்சி.”

மூலை

அந்தக் கம்ப்யூட்டர் இப்போது என் கடை மூலையில் இருக்கிறது. பழைய ஜோடி சேராத ரேமையே திரும்ப மாட்டிப் பார்த்தேன், அதிலும் ஓடுகிறது. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. முத்துமாரி காலையில் வந்து அம்மன் ஸ்டிக்கரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்காருவாள். ஏஜெண்டுக்கு வேலை திருப்தி, அடுத்தடுத்து லேபிள் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் புஸ்வாணப் பெட்டி ஒன்றுக்கு மயில் வரைந்திருந்தாள், நன்றாக இருந்தது. பாதுகாப்பு எச்சரிக்கை எழுதுகிற இடத்தை மயிலின் தோகை மறைக்கிறது, எச்சரிக்கையைச் சின்ன எழுத்தில் போடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். தோகையைச் சின்னதாக்கு என்றேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டது. ‘தொம்.’ ஷட்டர் அதிர்ந்தது. பாய் தெருவுக்கு ஓடினார். புகை மேற்கே, வெம்பக்கோட்டைப் பக்கமா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முத்துமாரி மட்டும் எழுந்து வெளியே வரவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தாள். இன்னொரு கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. மணி அடிப்பது எனக்குக் கேட்டது. அடித்து, நின்றுபோனது. மறுபடி போட்டாள். தெருவில் மற்றவர்களெல்லாம் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், இவளுக்கு யாரும் எடுக்கவில்லை. நான் ஈரக் கையோடு நின்றேன். வீட்டில் வைத்து அந்தத் தகப்பனிடம் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், அந்தச் சாக்கைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருக்கலாம் என்று என்னவெல்லாமோ தோன்றியது. மூன்றாவது தடவை போட்டதில் எடுத்தார்கள். பாண்டியம்மாள் குரல் எப்போதும் பெரிது, எனக்கே தெளிவாகக் கேட்டது.

“எங்க பக்கம் இல்லடி. நீ வேலையப் பாரு.”

எந்த ரேம் எந்தப் போர்டுக்குப் பொருந்தும் என்று கேட்டால் நானும் பத்து யோசனை சொல்வேன், ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓட இதுவரை நான் கண்டுபிடித்த ஒரே வழி, அதை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாமல் இருப்பதுதான்.